சூதில் பிழைப்பவன் சூதாடுவதில்லை!

கிரிக்கெட் ஆட்டத்தில் பணம் கட்டியே பெரும் பணக்காரனாகிவிட்ட யாரோ ஒருவனின் கதை ஆலை வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் உலவுகிறது. அவனை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பக்கத்து ஊர்க்காரனாம், மச்சு வீடு கட்டிவிட்டானாம், வேறு தொழிலே கிடையாதாம்! இந்தக் கதையை நம்பித்தான் விராலிமலைப் பக்கத்து ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வருகிற வாலிபர், வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதியைக் கைப்பேசியிலேயே தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறார். கந்தர்வகோட்டை முந்திரிக் காட்டிலும் கீரமங்கலம் பூத்தோட்டத்திலும் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை.

ஆகவே பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம். டீக்கடைக் கதையில் வருகிற மனிதர் அல்ல. சர்க்கார் ஆவணத்திலேயே பதிவான மனிதர்.

முகேஷ் குமார் குப்தா என்பது அவர் பெயர். எம்.கே. என்றும் ஜான் என்றும் வேறு பெயர்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான சி.பி.ஐ. அறிக்கையில் இவருடைய சரித்திரம் விரிவாக இருக்கிறது. தில்லியில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். 1984 வாக்கில், வீட்டருகே சந்துகளில் சிலர் கிரிக்கெட் ஆட்டத்தின் மேல் சில்லறைப் பணம் கட்டுவதைக் கவனிக்கிறார். கட்டுகிறவர்கள் அதிகம் படிக்காத சிறு வியாபாரிகள். ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொண்டால் இவர்களிடமிருந்து நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று குமாஸ்தா கணக்குப் போடுகிறார். கவனியுங்கள் தோழர்களே! எதிரே ஏமாறுவதற்கு ஆள் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய தொழிலின் முதல் மூலதனம்.

ஆனால் நெளிவு சுளிவு தெரிந்தது மட்டும் அவருக்குப் போதவில்லை. 1988-ல் தில்லியில் ஒரு கிளப் ஆட்டத்தில் நன்றாக விளையாடிய ஓர் ஆட்டக்காரருக்கு 2,000 ரூபாயை அன்பளிப்பாகக் கொடுத்தார் என்கிறது அறிக்கை. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரர்கள், பிறகு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் என்று ஏணி ஏறினார். ஆடுகளம் எப்படி இருக்கிறது, யார் ஆடப் போகிறார், யார் வெளியே உட்காரப் போகிறார் என்ற சேதிக்கு முதலில் விலை. அடுத்து ஆட்டத்தின் முடிவுக்கே விலை! தென்னாப்பிரிக்க அணியின் தலைவராக இருந்த ஹான்சி குரோன்யே, 1996-ல் கான்பூரில் இந்தக் குப்தா தமக்குச் சுமார் 30,000 டாலர் கொடுத்ததாக, 2000-ஆம் ஆண்டில் தம் நாட்டின் கிங் விசாரணைக் கமிஷன் முன் வாக்குமூலமே கொடுத்தார். அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்கள். சூதாடியின் கதி என்ன? ஏமாற்று வழக்குத் தொடுத்தால் நிற்காது என்பதுதான் சி.பி.ஐ.க்குக் கிடைத்த சட்ட யோசனை.

இது ஒரு தில்லிக்காரரின் கைங்கரியம் மட்டுமல்ல. 1994-ல் இலங்கையில் ஆடச் சென்ற ஆஸ்திரேலியர் மார்க் வாவும் ஷேன் வார்னேயும் ஜான் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒரு பந்தயத் தரகரிடம் பணம் வாங்கினார்கள். ஆடுகளம், வானிலை பற்றிச் சொன்னதற்காம்! அவர்கள் நாட்டுக் கிரிக்கெட் வாரியம் 1995-ல் ரகசியமாக அபராதம் போட்டு மூடி வைத்தது. 1998 டிசம்பரில்தான் அது அம்பலத்துக்கு வந்தது. மழை வருமா வராதா என்பதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறவன் பைத்தியக்காரனா? இல்லை. தனக்குத் தெரிந்தது எதிரே கட்டுகிறவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த விலை.

சரி, முடிவை யாரும் விலைக்கு வாங்கவில்லை, எல்லாம் யோக்கியமாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது தொழிலாளிக்கு நியாயம் உண்டா? கூலிக்கணக்குப் பார்ப்பது போலவே இதையும் பார்ப்போம். இரண்டு அணிகளும் சம பலம். தரகர் சொல்கிறார்: 100 ரூபாய் கட்டு, ஜெயித்தால் உன் 100-ம் மேலே 90-ம் தருகிறேன். ஒரு பக்கம் பத்துப் பேர், மறுபக்கம் பத்துப் பேர் கட்டுகிறார்கள். வசூல் 2,000. ஜெயித்த பத்துப் பேருக்கும் தலா 190 வீதம் 1,900 பட்டுவாடா. மிச்சம் 100 தரகர் மடியில்! எந்த அணி ஜெயித்தால் அவருக்கென்ன? தனி ஆளாகப் பார்த்தாலும் கதை இதுதான். நூறு தடவை கட்டி ஐம்பது தடவை ஜெயிக்கிறவருக்கு 4,500 வரும், 5,000 போகும். நஷ்டமில்லாமல் தப்புவதற்கே நூற்றுக்கு 53 தடவை ஜெயிக்க வேண்டும். குதிரைப் பந்தய மைதானத்து டோட்டில் இது இன்னும் பச்சையாக நடக்கும். கட்டிய பணம் முழுவதையும் ஒரே குவியலாக்கி, தன் கமிஷனை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே கிளப் மிச்சத்தைப் பங்கு வைக்கும். கைப்பேசியில் அணி அமைக்கச் சொன்ன கம்பெனிகளும் நுழைவுக் கட்டணத்தில் இதையேதான் செய்தன. குவியலுக்குள் போன பணத்தைவிடக் குறைவாகத்தான் வெளியே வரும் என்றால், உள்ளே போட்டவர்கள் மொத்தமாகச் சேர்ந்து எப்படி ஜெயிக்க முடியும்?

இங்கேதான் சீமான்களின் வக்கீல்கள் வருகிறார்கள். இது சூதாட்டம் அல்ல, திறமை என்கிறார்கள்!

இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. 1974-ல் அன்றைய கருணாநிதி மந்திரிசபை குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986-ல், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம்தான் என்று கூறிவிட்டது. 1974 சட்டம் பந்தயத்தைத் தொடாது. 1986 சட்டம் செல்லாது! குதிரைக்குத் திறமை உண்டு, அதன் மேலே ஏறுகிற ஜாக்கிக்கும் உண்டு, நாம் மறுக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று கூலிக்காசைக் கட்டுகிறவன் அந்தத் திறமையில் எத்தனை பங்கு என்பதே கேள்வி.

அந்தக் கிளப்புக்குக் கிண்டியில் இருந்த நிலத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 160 ஏக்கர் சர்க்கார் நிலம். 1946-லிருந்து 99 வருஷக் குத்தகை. வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகை! மாதத்துக்கு 51 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்திய வாடகையைக் கட்டாமல் இழுத்தடித்ததில் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்பது 2023-ல் உயர்நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2024 செப்டம்பரில்தான் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. நம் மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா கேட்டு மனுக்கொடுத்து மனுக்கொடுத்துக் கை ஓய்ந்தவர்கள் எத்தனை பேர்! 160 ஏக்கரை மூன்று சென்ட்டாகப் பிரித்தால் 5,300 குடும்பங்களுக்கு வரும். குதிரை ஓட இருந்தது. குடிசை போட இல்லை.

குதிரைப் பந்தயம் புதுக்கோட்டைக்கும் புதியதல்ல. சமஸ்தான காலத்தில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண்மணி மாலி ஃபிங்கை மணந்தார். அந்த நாட்டில் தங்கியிருந்தபோது பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தார். 1928-ல் பாரிஸில் காலமானார். அவருடைய செலவுக்குப் பணம் போனது இந்தச் சமஸ்தானத்துக் கஜானாவிலிருந்து. அதாவது கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பி உழுதவர்கள் கட்டிய வரியிலிருந்து. அதை எந்தக் கனவானும் சூதாட்டம் என்று சொன்னதில்லை. ராஜாவின் பொழுதுபோக்கு என்றார்கள். அதே கனவான்களின் வாரிசுகள் இன்று, "கூலியை உயர்த்தினால் என்ன பிரயோஜனம்? சூதாடித் தொலைப்பார்கள்" என்று உபதேசம் செய்கிறார்கள்!

யார் யாரைச் சூதாட வைத்தது? 2020-ல் ஐ.பி.எல். போட்டிக்குத் தன் பெயரைச் சூட்ட டிரீம் 11 கம்பெனி 222 கோடி ரூபாய் கொடுத்தது. 2023-ல் இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ள 358 கோடிக்கு ஒப்பந்தம். தேசத்தின் சட்டை! அதே வருஷம் அக்டோபரில், கட்டும் பணத்தின் முழுமதிப்பின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு, சர்க்காரும் தன் பங்குக்குக் கையை நீட்டியது. அணி வைத்திருக்கும் பிரபுக்கள் வீட்டு யோக்கியதையும் நமக்குத் தெரியும். சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன், கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த சிமெண்ட் முதலாளி சீனிவாசனின் மருமகன். பந்தயம் கட்டியதற்காக 2015-ல் லோதா கமிட்டி அவருக்கு ஆயுட்காலத் தடையும் அணிக்கு இரண்டு வருஷத் தடையும் விதித்தது. இரண்டு வருஷம் கழிந்தது. 2018-ல் மஞ்சள் சட்டை திரும்ப வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்தபோது, நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் நாலு மாதத்துக்கு மேல் கையில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் கையெழுத்து. கம்பெனிகள் உடனே கோர்ட்டுக்கு ஓடின. நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து தப்பின. மறுபடியும் அதே திறமை! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. வருஷத்துக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை மக்கள் இழக்கிறார்கள் என்று சர்க்கார் தரப்பிலேயே அப்போதுதான் சொன்னார்கள். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார்கள்?

நாம் விளையாட்டுக்கு விரோதிகள் அல்ல. தச்சங்குறிச்சியில் வாடி திறந்தால் நாமும் வேலியோரம் நிற்கிறோம். மாட்டுவண்டிப் பந்தயத்துக்குச் சாலையோரம் வெயிலில் காத்திருக்கிறோம். கபடி ஆடுகிற நம் பையன்களுக்குக் கை வலிக்கத் தட்டுகிறோம். கிரிக்கெட்டையும் ரசிக்கலாம், தாராளமாக. அதற்குக் கூலியை அடகு வைக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்துவிட்டது என்று அயர்ந்திருக்கவும் முடியாது. கம்பெனி கடையைச் சாத்தினாலும் ஏஜெண்ட் இருக்கிறான். கைப்பேசியில் சேதி அனுப்புவான். தோற்றவனுக்குக் கந்துவட்டிக்காரனையும் அவனே காட்டிவிடுவான். போலீஸ் பிடித்தால் பிடிபடுவதும் இந்தச் சில்லறை ஆள்தான்; அவன் வசூலித்த பணம் மேலே யாரிடம் போகிறது என்ற விசாரணையைக் காணோம். அந்த விசாரணையைச் சங்கம் கேட்க வேண்டும், தாலுகா தோறும் கேட்க வேண்டும். அதுவரைக்கும் நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. வருகிற சம்பளத்தன்று ஆலை வாசலில் வந்து நிற்கிற ஏஜெண்டைச் சுற்றிப் பத்துப் பேராக நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, உன் சொந்தக் காசை எந்த அணி மேல் கட்டியிருக்கிறாய்?"