பின் சீட் பெல்ட்: சட்டம் இருக்கு, பக்கிள் எங்கே?

கால் டாக்ஸியில் ஏறி பின் சீட்டில் பெல்ட்டைத் தேடிப் பாருங்கள். பட்டை தோள் பக்கம் இருக்கும். அதை மாட்ட வேண்டிய பக்கிள், பல வண்டிகளில் சீட் கவருக்கு அடியில் போயிருக்கும். கேட்டால், "பின்னாடி போடத் தேவையில்ல சார்" என்று பதில் வரும்.

தேவை இருக்கு. பின் சீட்டில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 138(3). போடாவிட்டால் 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய் ஃபைன். 2019 திருத்தத்துக்கு முன்பு இது வெறும் 100 ரூபாய்தான்.

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். கொஞ்ச நாள் எல்லோரும் இதைப் பற்றிப் பேசினார்கள், அவ்வளவுதான். அதே 2022-ல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 8,331 பேர் டிரைவர்கள் அல்ல, பயணிகள்.

60 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், பெல்ட் இல்லாத உடம்பு அதே வேகத்தில் முன்னால் பாயும். முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும், பின்னால் இருந்து வரும் அந்த இடியைத் தாங்க முடியாது.

ஃபைனை இன்னும் ஏற்றினால் சரியாகிவிடுமா? சந்தேகம்தான். பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் அலாரத்தை நிறுத்த, காசு கொடுத்து போலி கிளிப் வாங்கி மாட்டியவர்கள் நாம். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு, ஆன்லைன் தளங்களில் இருந்து சுமார் 13,000 கிளிப் விளம்பரங்கள் நீக்கப்பட்டன! முன் கண்ணாடியைப் படம் பிடிக்கும் கேமராவுக்கும் பின் சீட்டில் இருப்பவரின் இடுப்பு தெரியாது.

ஆனால் டாக்ஸிகள் எஃப்.சி. எடுக்க சோதனைக்கு வந்தே ஆக வேண்டும். பிரேக், லைட் பார்க்கும்போதே பின் கதவையும் திறந்து, ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பார்க்கலாம். பக்கிள் கைக்கு எட்டவில்லையா, சீட் கவரைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் போதும்.