படகுக் கூலி

கப்பலில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, மால்டாத் தீவில் எடுத்த படங்களை நமக்குக் காட்டினார். மத்தியதரைக் கடலில் உள்ள அத்தீவில் புனித சின்னப்பரின் பெயர் தாங்கிய விரிகுடா ஒன்று உண்டு. நண்பர்கள் நால்வர் படகொன்றை வாடகைக்கு அமர்த்தி அதைச் சுற்றிப் பார்த்தார்களாம். நங்கூரத்தை இறக்கினால், அது அடிமணலில் போய்ப் படிவது மேலிருந்தே தெரிந்ததாம். "சுவாமி, நம் ஊரிலும் கடல் இருக்கிறதே! என்றாவது படகேறிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்ல இயலவில்லை.

சின்னப்பர் கைதியாக ரோமைக்குச் செல்லும் வழியில், கப்பல் புயலில் சிக்கி உடைந்த இடம் அந்த விரிகுடா என்பது மரபு. நள்ளிரவில் மாலுமிகள் நூல் விட்டு ஆழம் பார்த்தார்கள். முதலில் 20 பாகம். சற்று அப்பால் 15 பாகம். விரித்த இரு கைகளின் நீளமே ஒரு பாகம். பாறையில் மோதுவோமோ என்று அஞ்சிய அவர்கள் நங்கூரமிட்டு விடியலுக்காகக் காத்திருந்தார்கள். கப்பலிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர் என்று அப்போஸ்தலர் பணி 27-ஆம் அதிகாரம் கூறுகிறது.

அடுத்த வாரமே அவ்விளைஞரும் நாமும் எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், வயது முதிர்ந்த மீனவர் ஒருவரின் படகை அமர்த்தினோம். அவரும் ஆழம் பார்த்தார்; நூலால் அன்று, கழியால். நடு ஆற்றிலேயே கழி தரை தட்டியது. "என் வாலிபத்துல இங்கே கழி எட்டாது, சாமி. இப்ப இடுப்பளவுதான்" என்றார். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி நம்மிடம் நீட்டினார். அது சாம்பல் நிறமாயிருந்தது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து ஆண்டுக்கணக்காய்ப் படிந்தது அது. அந்த அடிமண்ணில்தான் ஆணும் பெண்ணும் நீரில் அமிழ்ந்து, வெறுங்கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடுவார்கள்.

2017 ஜனவரியில் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இக்கழிமுகத்திற்கு வந்தது. இரு முறையும் மீனவர்கள் வாளி கொண்டு அதை அள்ளினார்கள்.

ஆலைகளைப் பழித்துவிட்டு வீடு திரும்புவது எளிது. பிலாத்துவும் கை கழுவினான். ஆனால் அந்த மின்சாரத்தில்தான் நம் ஆலய விளக்குகள் எரிகின்றன. நம் பங்கில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஆலைகளே சோறு போடுகின்றன. மீனவரும் நம் மக்கள். ஆலைத் தொழிலாளரும் நம் மக்கள்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், கடலில் நின்ற கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தவை, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவற்றை ஓட்டிய மக்கள் எழுப்பியதே இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். அந்த இராயப்பரின் படகில் ஆண்டவரும் ஒரு நாள் ஏறினார். ஏறி, சற்றே தள்ளும்படி கேட்டார், அமர்ந்து போதித்தார். இறங்குமுன், இரவெல்லாம் வெறும் வலை இழுத்தவனுக்கு இரு படகு நிறைய மீன் கொடுத்தார். பிறர் படகில் ஏறியவர் அதன் கூலியை மறக்கவில்லை.

கரை சேர்ந்ததும் பெரியவரிடம் பணத்தை நீட்டினோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கூலி வேணாம், சாமி. பார்த்ததைப் பூசையில சொல்லுங்க" என்றார். நாம் வற்புறுத்தி அவர் சட்டைப்பையில் வைத்தோம். ஆயினும் அவர் கேட்ட கூலி வேறு. ஞாயிறு பூசையில் சொன்னோம்; இங்கே எழுதியும் விட்டோம்.

மீதிக் கூலி, அன்புக் குடும்பங்களே, உங்களுடையது. இரவு வேலையில் குழாய் கசிவதைக் காணும் தகப்பன்மார் விடியும்வரை காத்திராமல் அறிவியுங்கள். வண்டியின் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதுவும் கழிமுகத்தையே சேர்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்று அந்த நீரைக் காட்டுங்கள். அவர்கள் "ஏன் அடி தெரியவில்லை?" என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.