போட்டுக் காட்டுங்க, பில் கொடுங்க!

தாம்பரத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் இரண்டு. ஒன்று, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. இன்னொன்று, 2017 ஜூலை 1-ம் தேதி வந்த வரி. முதலாவதில் தினமும் மாட்டிக்கொள்கிறோம். இரண்டாவதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எப்படி? வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கப் போகிறீர்கள். தாம்பரத்திலோ, குரோம்பேட்டையிலோ, அல்லது மின்சார ரயில் பிடித்து ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ. எல்லாம் பேசி முடித்த பிறகு கடைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். 'பில் வேணுமா சார்? வேண்டாம்னா பார்த்துப் போட்டுத் தரேன்.' உடனே உங்கள் முகத்தில் ஒரு புன்னகை. எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. ஒழுங்காக பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிப்பதும் உங்களுடைய அந்தப் புன்னகைதான்.

நான் பி.காம். படித்தவன். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரர் 9,500 ரூபாய்க்கு ஒரு மானிட்டரைக் கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவிகித வரி 1,710 ரூபாய். ஆக, அவர் கையை விட்டுப் போனது 11,210. உங்களுக்கு 10,000 ரூபாய் விலை வைத்து, 1,800 வரி சேர்த்து, 11,800-க்கு பில் போடுகிறார். அவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது 1,800 இல்லை. ஏற்கெனவே கட்டிய 1,710-ஐக் கழித்தால் மீதி 90. வெறும் தொண்ணூறு ரூபாய்!

அப்படியிருக்க, 'பில் இல்லாம பத்தாயிரம் கொடுங்க' என்கிறவர், 1,210 ரூபாய் நஷ்டத்துக்கு ஏன் விற்கிறார்? உங்கள் மேல் அவ்வளவு பிரியமா?

எனக்குத் தெரிந்து இரண்டு வழிதான். ஒன்று, அந்தப் பெட்டி கடைக்குள் வந்ததே பில் இல்லாமல் வந்திருக்க வேண்டும். அது புதுசா, யாரோ திருப்பிக் கொடுத்ததா, பழைய பேனலுக்குப் புதுச் சட்டை மாட்டியதா என்று நாளைக்குச் சண்டை போட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. இரண்டு, கொள்முதலில் கட்டிய வரியை மட்டும் கணக்கில் கழித்துக்கொண்டு, உங்களுக்கு விற்றதை மறைக்கிறார். அதாவது, ஊர்ப் பணத்தில் உங்களுக்குத் தள்ளுபடி. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, 'கட்டின வரியெல்லாம் எங்கே போச்சு?' என்று கேட்டோமே, இப்படியும் கொஞ்சம் போகிறது ஐயா.

இன்னும் சில சாமர்த்தியங்கள் உண்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் 'ஜி.எஸ்.டி. தனி' என்றால் அது சட்டப்படி தவறு. 'பெரிய சைஸுக்கு வரி 28 சார்' என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கும் 18 சதவிகிதம்தான்.

சரி, பில் வாங்கிவிட்டீர்கள். பொருளைப் பார்த்தீர்களா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி வாங்குகிறவர்கூட, பிளேடைக் கையால் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிறோம். பல வருடம் கண்ணுக்கு எதிரே உட்காரப்போகிற மானிட்டரை மட்டும் சீல் பிரிக்காமல் ஆட்டோவில் ஏற்றுகிறோம். எதை நம்பி? அட்டைப்பெட்டியில் அச்சடித்த நம்பர்களை நம்பி.

அந்த நம்பர்களின் யோக்கியதை பழைய கதை. டப்பா மானிட்டர் காலத்தில் 17 இன்ச் என்று விற்பார்கள். கண்ணுக்குத் தெரிவது 16 இன்ச். மீதி பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும். இன்றைக்கு 'எல்.இ.டி. மானிட்டர்' என்று விற்பதில் பெரும்பாலானவை அதே எல்.சி.டி.தான், பின்னால் எரியும் விளக்கு மட்டும் எல்.இ.டி. 'ஒரு மில்லி செகண்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. எந்த முறை என்பது பொடி எழுத்தில் இருக்கும், இருந்தால்.

'சின்ன சைஸ் எதுக்கு சார், இருபத்தேழா எடுங்க' என்பார். கேளுங்கள். ஃபுல் ஹெச்.டி. என்றால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். திரை 24 இன்ச்சானாலும் 27 இன்ச்சானாலும் அதே எண்ணிக்கைதான். 24-ல் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி, 27-ல் சுமார் 82. படம் பார்க்க இது போதும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு? 'ஞ', 'ணை', 'கூ' என்று சுழியும் வளைவுமாக இருக்கிற நம் எழுத்துதான் முதலில் கரடுமுரடாகத் தெரியும். இது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. கண்தான் சொல்லும்.

அதனால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஷோகேஸில் இருப்பதை அல்ல, உங்களுக்குத் தரப்போகிற அதே பெட்டியை. ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து, வீட்டில் உட்காருகிற தூரத்திலிருந்து படியுங்கள். பக்கவாட்டில் நகர்ந்து நிறம் வெளுக்கிறதா பாருங்கள். திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றினால் செத்த புள்ளி தானாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் அது குறையே இல்லை என்று சாதிக்கிற கம்பெனிகள் உண்டு. எத்தனை வரை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

'சீலைப் பிரிச்சா அப்புறம் யார் சார் வாங்குவா?' நியாயமான கவலைதான். 'நான் வாங்குகிறேன், சரியாக இருந்தால்' என்பதுதான் பதில்.

இதற்கும் மசியாவிட்டால் சட்டம் இருக்கிறது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் நியாயமற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரருக்கு செங்கல்பட்டு. ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. போனில் என்றால் 1915. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது என்ன தெரியுமா? பில்!

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆன்லைன்காரன் பிழைப்பைக் கெடுத்துவிட்டான் என்று புலம்புகிறீர்கள். அவனால் முடியாத ஒன்று உங்களால் முடியும். வாங்கும் முன்பே பொருளை எரியவிட்டுக் காட்டலாம். அந்த ஸ்விட்சைப் போடவும் மனசில்லை, பில் போடவும் மனசில்லை என்றால், வெயிலில் எதற்கு உங்கள் கடைப் படி ஏற வேண்டும்?

அடுத்த முறை அந்தத் தாழ்ந்த குரலில் 'பில் வேணுமா சார்?' என்று யாராவது கேட்டால், நீங்களும் குரலைத் தாழ்த்தாதீர்கள். கடையில் நிற்கிற நாலு பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள்: 'வேணும்!'