பிழைப்பக்கத்தில் காணாமற்போகும் எண்

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தரவு வேண்டுமா, ஒரு கான்டெக்ஸ்ட் பிராசசர் எழுதினால் போதும்: ஜாங்கோ கற்பிக்கும் வகுப்புகள் பலவும் இந்த ஒரு வரியோடு பாடத்தை முடித்துக்கொள்கின்றன. அந்த வரியில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து.

தில்லி சாணக்யபுரியில் சாந்திபத் நெடுகிலும் தூதரகங்கள். அவற்றுள் ஒன்று தன் இணையதளத்தை ஜாங்கோவில் அமைப்பதாகக் கொள்ளலாம். கடவுச்சீட்டைத் தொலைத்தவர் அழைக்கவேண்டிய அவசர எண் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தாக வேண்டும். அதை ஒவ்வொரு வியூவிலும் தனித்தனியே எழுதுவது மடமை. எண் மாறிய பின்னும் ஏதேனும் ஒரு பக்கம் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே எண்ணைத் தரவுத்தளத்தில் வைத்து, கான்டெக்ஸ்ட் பிராசசர் வழியே எல்லா வார்ப்புருக்களுக்கும் வழங்குவர். இதுவரை குறையில்லை.

ஆனால் கான்டெக்ஸ்ட் பிராசசர் ரெக்வெஸ்டைப் பெற்றே இயங்குவது. பின்னணிப் பணியாக அனுப்பப்படும் மின்னஞ்சலுக்கு ரெக்வெஸ்ட் கிடையாது. செயலி நிலைகுலையும்போது ஜாங்கோ காட்டும் 500 பிழைப்பக்கமும் இயல்பில் வெற்றுத் தரவோடுதான் உருவாகிறது. அது நியாயமே, விழுந்து கிடக்கும் தரவுத்தளத்திடம் மீண்டும் கேட்டால் பிழைப்பக்கமும் சேர்ந்து விழும். எனினும், இல்லாத மாறியை ஜாங்கோ வார்ப்புரு பிழையென அறிவிப்பதில்லை. வெற்றிடமாக விட்டுக் கடந்துவிடும். மிகவும் தேவைப்படும் வேளையில் அவசர எண் ஓசையின்றி மறைந்துபோகிறது.

மாணவர் இதைக் காண்பதே இல்லை. டீபக் நிலை இயங்கும்வரை 500 வார்ப்புருவுக்குப் பதில் பிழையின் தடம்தான் திரையில் தோன்றும்.

பழி ஜாங்கோவுடையதன்று, அதன் ஆவணங்கள் இதை ஒளிக்கவில்லை. பொதுத்தரவு எங்கே வாழ்கிறது என்பதையும் எந்த வாயில் வழியே வருகிறது என்பதையும் ஒன்றாகக் குழப்பும் பாடமுறையே குற்றவாளி. அரிதாய் மாறும் எண்ணுக்குரிய இடம் செட்டிங்ஸ். கான்டெக்ஸ்ட் பிராசசரும் மின்னஞ்சல் நிரலும் அங்கிருந்தே எடுக்கட்டும். 500 பக்கத்தில் அவ்வெண் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் நிலையான எழுத்தாகவே பதியட்டும்.

சிறு திட்டத்துக்கு இத்தனை எதற்கு என்பர். சிறு திட்டத்தில் பழகாத ஒழுங்கு பெருந்திட்டத்தில் தானாக வந்துவிடாது. மதிப்பெண் இடும் ஆசிரியர் முகப்புப் பக்கத்தோடு நிற்க வேண்டாம். டீபக்கை அணைத்து, தரவுத்தளத்தை நிறுத்தி, அந்த எண் அப்போதும் தெரிகிறதா என்று பார்க்கட்டும்.