சீடி கடை மூடினதுக்குச் சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருத்தன்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டுப் போகாமல், நேரம் கிடைக்கும்போது முழுக்க வாசியுங்கள்.

போன கிழமை ஒரு தகப்பன் பாடசாலைக்கு வந்தார். பனிச்சங்கேணி ஆற்றில் இறால், நண்டு பிடித்து விற்கிறவர். வங்கியில் கிடந்த 38,000 ரூபாவும் போய்விட்டது. வலை வாங்கச் சேர்த்த காசு. மகன் எட்டாம் ஆண்டு படிக்கிறான். புதுப்படம் பார்க்கலாம் என்று டெலிகிராமில் வந்த ஒரு அப்பை வாப்பாமார், அப்பாமார் யாருக்கும் தெரியாமல் போனில் ஏற்றியிருக்கிறான். அது கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறான், மெசேஜ் வாசிக்கிறதுக்கும் சேர்த்து. ஒரு ரூபா கட்டினால் ஒரு மாதம் படம் என்று கேட்ட இடத்தில் தகப்பனின் கார்ட் இலக்கத்தையும் அடித்துவிட்டான். பிறகு வங்கி அனுப்பிய இரகசிய இலக்கம் இவர் பார்க்க முன்னமே வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது.

"நான் ஒண்டும் அமத்தல்ல சேர். பொடியன் படம் பார்க்கக் கேட்டான், போனைக் குடுத்தன், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார்: "படிக்காத சனம் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தால் இப்படித்தான்." அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு.

போனை வாங்கச் சொன்னது யார்? 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலையை மூடிவிட்டு, "வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புறோம், எப்படியாவது ஒரு போன் எடுங்கோ" என்று வீடு வீடாகச் சொன்னது நாங்கள்தானே? நகையை அடகு வைத்துப் போன் எடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். பாடம் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். போன் வீட்டில் இருக்கிறது. அதில் பிள்ளை என்ன பார்க்கும் என்று அன்றைக்கு நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்தப் பக்கத்துச் சனம் எப்போதும் படம் பார்த்த சனம்தான். கரண்ட் இல்லாத காலத்தில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஜெனரேற்றர், டீவி, டெக் எல்லாம் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் ஓட்டியிருக்கிறார்கள். இடையில் எண்ணெய் முடிந்தால் கிளைமாக்ஸ் இல்லாமலே படுக்கப் போவார்கள். 2004இல் கடல் வந்தது. 2006 கடைசியில் இந்தப் பகுதிச் சனம் எல்லாத்தையும் விட்டுவிட்டு ஓடியது. திரும்பி வந்து குந்திய பிறகு சீடி வந்தது, டீவீடி வந்தது. நான் ஓட்டமாவடிப் பக்கத்து ஆள். எங்கள் சந்தியிலும் ஒரு சீடி கடை இருந்தது, ஒரு இரவுக்கு 20 ரூபா. ஒன்றை ஒளிக்கக் கூடாது: அங்கே இருந்ததும் திருட்டுக் கொப்பிதான். தியேட்டருக்குள் கமெரா வைத்து எடுத்த படத்தில் முன் வரிசைக்காரன் எழும்பிப் போவதும் தெரியும்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு மனிதர் இருந்தார். நான் பதினான்கு வயதில் ஒரு சீடியைத் தூக்க, கையில் இருந்து பறித்து, "நீ இன்னார்ட மகன்தானே? இது உனக்கில்ல, வெச்சிட்டுப் போ" என்றார். அடுத்த நாள் வாப்பாவுக்கும் விசயம் போய்விட்டது. அந்த மனிதர் ஒன்றும் அவுலியா இல்லை. வாப்பா கேட்டுக்கொண்டு வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் ஊருக்குப் பிரயோசனமாக இருந்தது. டெலிகிராமில் இருக்கிறவனுக்கு யாருடைய வாப்பாவுக்குப் பயம்?

கடை மூடப்பட்டபோது நாங்கள் சந்தோசப்பட்டோம். ஏதோ நாங்கள் பேசித்தான் மூடினது போல. உண்மையில் அதை மூடினது கையில் வந்த போனும் மெமரி சிப்பும்தான். ஒரு காலத்தில் உலகம் முழுக்க 9,000 கடை வரை வைத்திருந்த அமெரிக்காவின் புளொக்பஸ்டருக்கே இன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு கடை. எங்கள் சந்திக் கடை எந்த மூலை? முதலில் கொமினிகேஷன் கடையில் சிப்புக்குப் படம் ஏற்றிக் கொடுத்தார்கள். பிறகு அதுவும் தேவைப்படாமல் போய், பிள்ளை தனியே போர்வைக்குள் பார்க்கிற இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

"காசு கட்டி ஒழுங்காகப் பார்க்கலாமே" என்கிறார்கள் சிலர். தியேட்டருக்குப் போக மட்டக்களப்பு டவுணுக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். நெட்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016 ஜனவரியில். அதற்கு மாதா மாதம் கட்ட வேண்டும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குச் சரிவருகிற கார்ட் வேண்டும், டேட்டா வேறு. நண்டு விற்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கள்ளக் கொப்பி குற்றம், எனக்கும் தெரியும். சட்டப்படி பார்க்க இந்த ஊருக்கு ஒரு வழியையும் யாரும் திறந்து வைக்கவில்லை என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வேறு சிலர், "படமே கூடாது, அதைப் பற்றி ஏன் சேர் எழுதுறீங்க?" என்று இன்பொக்ஸில் வருவார்கள். நான் ஆலிம் இல்லை, அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கூடாது என்று சொல்கிற வீடுகளிலும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வகுப்பில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறவன் நான்.

போன வருசம் ஒன்று செய்து பார்த்தேன். மஜீத் மஜீதியின் ஈரானியப் படம், 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்', 1997இல் வந்தது. வகுப்பறைச் சுவரில் புரொஜெக்டரால் போட்டு, பாரசீகப் பேச்சை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், ஒரே சோடியை இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிற கதை. ஓட்டப்போட்டியில் மூன்றாம் பரிசுதான் சப்பாத்து. அவன் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். என் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை, "கடைசியா சப்பாத்துக் கிடைக்கல்லையா சேர்?" என்று கேட்க, பின்வாங்கில் இருந்தவள் சொன்னாள்: "தகப்பன்ட சைக்கிள்ல கிடந்ததே, நீ பார்க்கல்லையா?" அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். போனில் தனியே பார்த்திருந்தால் அந்தச் சண்டை எங்கே வந்திருக்கும்?

இது புதுசும் இல்லை. கேரளத்தில் ஜோன் ஆபிரகாமும் கூட்டாளிகளும் 1984இல் ஒடேசா என்று ஒரு கூட்டமைப்புத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, சனத்திடம் சேர்த்த காசிலேயே 1986இல் 'அம்ம அறியான்' என்ற படத்தையும் எடுத்து முடித்தார்கள். நாங்கள் படம் எடுக்கத் தேவையில்லை. மாதம் ஒரு படம் தேர்ந்து, உரிமைக்காரரிடம் முறையாகக் கேட்டு, பொது மண்டபத்தில் தாய் தகப்பனோடு இருந்து பார்க்க வைத்தால் போதும். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கலாம் என்றால் படமும் கொடுக்கலாம். பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். எதிர்க்கிறவர்களும் வாருங்கள், முகத்துக்கு நேரே கேளுங்கள். அந்தத் தகப்பனையும் வரச் சொல்லியிருக்கிறேன், அப் போட்ட கதையை அவரே சொல்லட்டும். புரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது. பெரிய வெள்ளைச் சீலை ஒன்றும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் வேண்டும். யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.