காரணம் கேட்கும் மலைகள்

பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து திருவண்ணாமலை நமக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. கோலாலம்பூரில் இறங்கி ஏறும் அலைச்சல் இல்லை. சென்னையில் காரோ பேருந்தோ பிடித்தால் நான்கைந்து மணி நேரத்தில் மலை தெரிகிறது. வழக்கமாக இந்தப் பயணம் கூட்டமாகத்தான் நடக்கும். ஒரு பயண ஏற்பாட்டாளர், ஒரு பேருந்து நிறைய அத்தைகளும் சித்திகளும், ஒரே வாரத்தில் எண்ணி முடியாத கோயில்கள், நடுவில் தி.நகரில் ஒரு நாள் சேலைக்கடை. அண்மைக் காலமாக இன்னொரு வகைப் பயணியும் அந்த விமானத்தில் ஏறுகிறாள். வயது நாற்பதுக்கு மேல். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, அல்லது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கணவன், பிள்ளைகள், மாமியார் எல்லாரும் உண்டு. பள்ளி விடுமுறையில் சில நாள் மலையடிவாரத்தில் சும்மா இருந்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் திட்டம். கூட யாரும் வேண்டாம்.

வீட்டில் சொன்னதும், டிக்கெட் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. "தனியாவா? ஏம்மா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்றுதான் கேட்கிறார்கள். இதைக் கேட்பது பெரும்பாலும் மாமியார்கூட இல்லை, பெற்ற தாய்.

பழங்காலத்து மனுஷி என்று அந்தத் தாயை ஒதுக்கிவிட்டால் விஷயம் பிடிபடாது. மலைக்குத் தனியாகப் போன பெண்கள் நம் மரபில் இல்லாமலில்லை, பெரும்புகழோடு இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலும் அது ஓர் இழப்பு. தாய் மனத்தில் ஓடுவது அந்தக் கணக்குதான்: தனியாக மலைக்குப் போகிறாள் என்றால் எதையோ இழந்திருக்கிறாள்.

முதல் பெயர் காரைக்கால் அம்மையார். வணிகர் குடும்பத்துப் புனிதவதி. மாங்கனி அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தான். சுற்றத்தார் புனிதவதியை அவனிடம் அழைத்துப் போனபோது, மனைவி மகளோடு அவள் காலில் விழுந்தான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அப்போதுதான் அவள் உடலின் தசையை உதறிவிட்டுப் பேயுருவத்தைக் கேட்டு வாங்குகிறாள். கயிலை மலையில் தலையால் நடந்து ஏறுகிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன இந்தக் கதையைப் பக்தியோடு படிப்பவர்கள் படிக்கட்டும். பயணக் கதையாகப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. கண்டவர்கள் அஞ்சி விலகி ஓடும் உருவம் கிடைத்த பிறகே ஒரு பெண்ணால் நிம்மதியாக வடக்கே நடக்க முடிந்திருக்கிறது. (நம் முன்னோர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்குக்குக் கப்பலேறியதும் அதே காரைக்காலில்தான். ஊர்ப்பாசம், சொல்லிவைக்கிறேன்.)

திருவண்ணாமலைக்கு வருவோம். ரமணர் 1896இல், பதினாறு வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறி அங்கே போனார். தாயார் அழகம்மாள் மலைமேல் அவரோடு வந்து தங்கியது 1916இல், கணவரையும் மூத்த மகனையும் இழந்த பிறகு. எச்சம்மாள் என்று எல்லோரும் அழைத்த லட்சுமி அம்மாள், கணவன், மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். ஊருக்குள் வீடு பிடித்தார். நாள்தோறும் சமைத்து எடுத்துக்கொண்டு மலையேறினார். பல பத்தாண்டுகள் இந்தக் கைங்கரியம் நடந்தது. மலையின் அமைதியில் மற்றவர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்க, இவர் சோற்றுப் பாத்திரத்தோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சூரி நாகம்மா சிறு வயதிலேயே விதவையானவர். 1941இல் வந்து, ஆசிரமத்துக்கு வெளியே தனியாகத் தங்கினார். வங்கி அதிகாரியான அண்ணனுக்கு 1945 முதல் அவர் தெலுங்கில் எழுதிய கடிதங்களைப் போல ஆசிரமத்தின் அன்றாடத்தை நெருக்கமாகக் காட்டும் பதிவு வேறு இல்லை.

இத்தனைக்கும் ரமணாசிரமத்துக்குள் எச்சம்மாளுக்கோ நாகம்மாவுக்கோ இரவுத் தங்கல் கிடையாது. பொழுது சாய்வதற்குள் பெண்கள் வெளியேறிவிட வேண்டும் என்பது அக்கால ஒழுங்கு. பகலெல்லாம் மலை அவர்களுடையது. விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை.

அதே காலத்தில் இழப்பு எதையும் காட்டாமல் அங்கே இருந்துவிட்டுப் போன ஒரு பெண்ணும் உண்டு. எல்லா மையார் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1924 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், 1935இல் பீக்கிங்கிலிருந்து காஷ்மீர் வரை தரைவழியாக வந்தவர், 1939இல் ஜெனீவாவிலிருந்து காபூலுக்குக் கார் ஓட்டிப் போனவர். உலகப்போர் ஆண்டுகளைத் திருவண்ணாமலையில் கழித்தார். துணைக்கு ஒரு பூனை. அந்தப் பூனையைப் பற்றியே பின்னாளில் ஒரு புத்தகம் எழுதினார். வெள்ளைக்காரி என்பதால் ஊர் அவரிடம் காரணம் கேட்டிருக்காது; போர் என்ற காரணமும் உலகத்துக்கே தெரிந்திருந்தது.

இன்று நிலைமை வேறு. ஆசிரமத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால், தனியாக வரும் பெண்ணுக்கும் அறை கிடைக்கிறது. சில நாள்தான் தருவார்கள். வாடகை கேட்பதில்லை, விருப்பப்பட்டதைக் கொடுத்துவிட்டு வரலாம். மணி அடித்தால் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்து இலையில். மாலையில் வேதபாராயணம். பின்புறப் பாதையில் ஏறினால் ஸ்கந்தாசிரமம், அதற்குக் கீழே விருபாட்சி குகை. முற்றத்தில் மயில்கள் நடமாடுகின்றன. அங்கே போய்த் தங்கியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் சொல்கிறேன்: அந்த அமைதியில் மயிலின் பங்கைவிட மணியின் பங்கு பெரிது. என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, யாருக்குக் காரம் ஆகாது என்ற யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாதி அமைதி அங்கேயே வந்துவிட்டது.

ஆசிரமத்து நாள் முடிந்து ஊருக்குள் ஓர் அறை தேடியபோது மீதி புரிந்தது. ஒரு விடுதியில் கல்லாவில் இருந்த பையன் மரியாதையாகவே சொன்னான்: "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறது இல்லைம்மா, ஓனர் ஆர்டர்." அவன்மேல் கோபம் வரவில்லை. தனியாக வருபவர் அறையில் உயிரை மாய்த்துக்கொண்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டும் என்ற பயம் பல விடுதிக்காரர்களுக்கு உண்டு. ஆக, அவர்களும் அம்மாவின் கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கிறார்கள். ஒரே மலை, ஒரே காற்று. இரண்டு வாசலுக்கும் இடையே வித்தியாசம் நிர்வாகத்தில் இருக்கிறது.

இப்போது நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். பினாங்கின் கொடிமலை 833 மீட்டர். அண்ணாமலையும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் தீவுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1788 வாக்கில், கொடிமலைக்குப் பாதை வெட்டியாகிவிட்டது. கலெக்டர் சலிவன் நீலகிரி ஏறியது 1819இல். சிம்லாவில் வெள்ளைக்காரர் வீடு கட்டத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். மலைவாசஸ்தலம் என்ற ஏற்பாட்டில் நாம் சிம்லாவுக்கு மூத்தவர்கள். ஆனாலும் 2015இல் வந்த 'இந்தியன் சம்மர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் நம் மலைக்குக் கிடைத்த வேடம் சிம்லா. 1932ஆம் ஆண்டுச் சிம்லாவைத் தேடியவர்கள், சர்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய பழைய கிராக் ஹோட்டலில் அதைக் கண்டுபிடித்தார்கள். இந்திய மலை வேண்டும் என்று வெள்ளைக்காரன் இங்கே வருகிறான். நாம் விமானம் பிடித்து அங்கே போகிறோம்.

சிம்லா முதல் கொடிமலை வரை, துரைசானிகள் வெக்கையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்பிக்க மலைமேல் போய்த் தங்கினார்கள், பல நேரம் துரை இல்லாமலேயே. அவர்களுக்கு மருத்துவர் சொன்ன காரணம் இருந்தது. டோலி தூக்க ஆள் இருந்தது. சமையலுக்கும் பிள்ளைக்கும் ஆள் இருந்தது. இங்கே 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை டோலியும் மட்டக்குதிரையும்தான் வாகனம். மலையுச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயம் அந்த டோலிக்காரர்களும் இந்தியச் சிப்பாய்களும் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கியது என்பார்கள். துரைசானிகளின் ஓய்வில் நமக்கும் பங்கு இருந்தது, தோள் கொடுத்த வகையில்.

1889 டிசம்பரில் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆண் துணையின்றி உலகைச் சுற்றும் வழியில் பினாங்கில் சில மணி நேரம் இறங்கி, நம் அருவியைப் பார்த்துவிட்டுப் போனார். 72 நாளில் சுற்றி முடித்தார். அவருக்கும் காரணம் உண்டு. பத்திரிகை கொடுத்த வேலை.

நம் பெண்களுக்கும் ஆண்டில் ஒருநாள் அப்படியொரு காரணம் கிடைக்கிறது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை இருட்டோடு ஒரு பெண் தனியாக ஏறினால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. தலையில் பால்குடம் இருக்கிறது. நேர்த்திக்கடன் என்று ஊருக்குப் புரிகிறது. கொஞ்சம் வழிவிடுவார்கள், ஒருவர் தண்ணீர்கூட நீட்டுவார். அதே படியில் மறுவாரம், குடமில்லாமல், புத்தகமும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்தால் அர்ச்சனை வாங்க வந்த அக்கா ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "என்னா தங்கச்சி, யாரும் கூட வரலையா?" என்பார்.

நேர்த்திக்கடன், நோய், வேலை, இழப்பு. இந்த நான்கில் ஒன்றைக் காட்டினால் மலை திறக்கிறது. ஒன்றையும் இழக்காமல், யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், சும்மா போய்விட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடும் பெண்ணுக்கு நம்மிடம் முன்மாதிரிக் கதை இல்லை. அதனால்தான் வீட்டுக்கும் விடுதிக்கும் கோயிலுக்கும் அவளை எப்படி வரவேற்பது என்று தெரியவில்லை.

மனம் மாறினால் எல்லாம் மாறும் என்பார்கள். பினாங்கின் அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியபோது, கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இளம்பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். வாடகை அறையில் தோழிகளோடு தங்கினார்கள், நள்ளிரவு ஷிப்டுக்குப் போனார்கள். ஊர் பேசாத பேச்சில்லை. யாரும் மேடை போட்டு அந்தப் பேச்சை நிறுத்தவில்லை. தொழிற்சாலை பஸ் வாசல்வரை வந்தது, சம்பளம் வந்தது, தங்குமிடம் ஒழுங்கானது. பேச்சு தானாக ஓய்ந்தது. இன்று இரவு ஷிப்டுக்குப் போகிற மகளைப் பார்த்து எந்தத் தாயும் "வீட்டுல பிரச்சினையா?" என்று கேட்பதில்லை. ஏற்பாடு முதலில் வந்தது, சம்மதம் பின்னால் வந்தது.

தாயின் பயத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அண்ணாமலைப் பாதையில் இருட்டிய பிறகு தனியாகப் போகாதே என்று ஆசிரமத்துப் பழக்கமுள்ளவர்களே எச்சரிப்பார்கள், சரியான எச்சரிக்கைதான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து துணைக்கு ஓர் ஆணை அனுப்புவதில் இல்லை. பாதையில் விளக்கும், எந்நேரமும் ஆள் இருக்கும் கவுண்டரும், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய நல்ல கதவும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

கொடிமலையில் இவை எல்லாம் சாத்தியம். ஆனால் மலை வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. பழைய ரயிலில் பாதிவழியில் இறங்கி வண்டி மாறி அரை மணி நேரம் ஏறினோம். 2011இல் வந்த புதிய ரயில் சில நிமிடங்களில் உச்சியில் விடுகிறது. இனி தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கேபிள் காரும் வரப்போகிறது. போக்குவரத்து வேகமாக ஆக, தங்குகிறவர் குறைகிறார். மேலே போய்ப் படம் எடுத்து, ஒரு ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, கடைசி ரயிலில் இறங்கிவிடுகிறார்கள். மேலே தங்குமிடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பங்களா என்றால் ஒரு குடும்பத்துக்கோ கும்பலுக்கோதான் கட்டுப்படியாகும்; ஹோட்டல் அறைக்கு இருவர் கணக்கில் விலை. யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த 12,481 ஹெக்டேரில் குரங்குக்கும் மலாயன் பறக்கும் லெமூருக்கும் இடம் உண்டு, தனியாக வரும் பெண்ணுக்குக் கட்டில் இல்லை.

மலையில் பெரிய ரிசார்ட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, காடு தாங்காது. சும்மா கிடக்கும் பழைய அரசாங்க பங்களாக்களில் ஒன்றே ஒன்றை, அறைக்கு ஒரு கட்டில் போட்டு, ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று விலை வைத்து, பெண் ஊழியர்களிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். இது மாநில அரசும் மலைக் கழகமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். தண்ணீர்மலை அடிவாரத்தில் இந்து அறப்பணி வாரியமும் யோசிக்கலாம். அங்கே மடம் என்ற பழைய ஏற்பாடு நம்மிடமே இருக்கிறது. வருகிறவருக்கு வேளைச் சோறு போடும் பழக்கமும் இருக்கிறது. சைவச் சாப்பாடு, பத்து மணிக்கு வாசல் பூட்டு என்று எவ்வளவு விதி வேண்டுமானாலும் வைக்கட்டும். திருவண்ணாமலையில் விதிகள்தான் அமைதியைக் காத்தன.

பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை எண், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் போதும். இந்திய விடுதிப் பதிவேடுகளில் 'வருகையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதை மட்டும் இங்கே அச்சடிக்க வேண்டாம்.