'டக்' சத்தத்தை அலட்சியம் செய்யலாமா?

சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்தவுடன் ஹேண்டில் பாருக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. பள்ளத்தில் இறங்கினால் மறுபடியும் 'டக்'. வேலைக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிப் போகிறார்கள். ஒரு மாதம் கழித்து, தெருமுனைக் கடையில் ஸ்பேனரை இரவல் வாங்கி மேல் நட்டை இரண்டு சுற்று இறுக்கிவிட்டால் சத்தம் அடங்குகிறது. கோளாறு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தீர்ந்தது சத்தம் மட்டுமே.

பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டைக்கும், கட்டட வேலைக்கும், கடைகண்ணிகளுக்கும் சைக்கிளில் போய்வரும் தமிழர்கள் உண்டு. அவர்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருள் அல்ல. அது நின்றால் அன்றைய வேலை நின்றது. ஓட்டுகிறவர் விழுந்து கை முறிந்தால், ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பும் பணமும் நின்றது. ஆகவே, இந்தச் சத்தம் சிறிய விஷயம் அல்ல.

கீழே இருக்கும் பேரிங்

ஹேண்டில் பாரையும் முன் சக்கரத்தையும் இணைப்பது போர்க். அதன் தண்டு, பிரேமின் முன் குழாய்க்குள் மேலும் கீழுமாக இரண்டு பேரிங்குகளில் பொருந்தித் திரும்புகிறது. இதைத்தான் பட்டறைகளில் கோன்செட் என்கிறார்கள். புதிய சைக்கிள்களில் ஹெட்செட் என்று பெயர்.

இரண்டில் கீழே இருப்பதுதான் அதிகம் அடி வாங்குகிறது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் விழும் அதிர்ச்சி முதலில் அதன் மேல்தான் இறங்கும். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் மழைநீரும் புகுவதும் அங்கேதான். அதோடு, நேராக ஓட்டும்போது இந்தப் பேரிங் சுழல்வதே இல்லை. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதிர்கின்றன. அதனால் கிரீஸ் விலகி, இரும்போடு இரும்பு உரசி, கிண்ணத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன.

குழி விழுந்த கோன்செட்டை இறுக்கினால் என்ன ஆகும்? ஆட்டம் நின்றுவிடும், ஆனால் ஹேண்டில் நடுவில் வந்ததும் குழியில் சிக்கியதுபோல் நிற்கும். சைக்கிளில் நிலை தவறாமல் போவது கையை இம்மி இம்மியாக அசைத்துக்கொண்டே இருப்பதால்தான். அந்தச் சின்ன அசைவுக்கு இடமில்லாவிட்டால் சைக்கிள் கோணல்மாணலாக ஓடும். பக்கத்தில் பஸ் வரும்போது ஒரு முழம் விலகினாலே போதும், விபரீதம்தான்.

இரண்டு நிமிடச் சோதனை

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெக்கானிக் தேவையில்லை. முன் பிரேக்கை இறுகப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மற்றக் கையின் விரலை, கீழ்க் கிண்ணமும் போர்க்கும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். அங்கே அசைவு தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிரேக்கட்டை ஆடினாலும் இதே சத்தம் வரும் என்பதால், சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து மறுபடி ஆட்டிப் பார்ப்பது நல்லது. அப்போதும் ஆடினால் குற்றம் பிரேக்கில் இல்லை.

அடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் சிக்கினால் குழி விழுந்துவிட்டது. கரகரவென்றால் மண்ணோ துருவோ புகுந்திருக்கிறது. வெறும் ஆட்டம் என்றால் சரியாக இறுக்கினால் போதும். கரகரப்பு என்றால் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் கோன்செட்டையே மாற்றத்தான் வேண்டும். குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு அனுப்புவதால் பயன் இல்லை. குழி கிண்ணத்தில் அப்படியேதான் இருக்கும்.

புது மாதிரி சைக்கிள்களில் மேலே பெரிய நட்டு கிடையாது. அதில் முதலில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பக்கத்தைத் தளர்த்தாமல் மேலே மட்டும் பலங்கொண்டு திருகுவது வீண் வேலை, கெடுதலும்கூட.

கார்பன் போர்க்கின் ஆபத்து

இதுவரை சொன்னது எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும். ஆனால் இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. வசதி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்காக வாங்கிய விலை உயர்ந்த சைக்கிள்கள், சில ஆண்டுகள் கழித்துக் குறைந்த விலையில் கை மாறுகின்றன. அவற்றில் போர்க் கார்பனால் ஆனது. எடை குறைவு, ஓட்டச் சுகம் என்று ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்.

கார்பன் பலம் இல்லாதது என்று சொல்வது தவறு. எடைக்கு எடை பார்த்தால் அது இரும்பைவிட வலுவானது. ஆனால் குணம் வேறு. இரும்பு போர்க் மோதினால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் என்பது பிசினில் தோய்த்து அடுக்கிய இழைகள். அடிபட்டால் மேலே ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் உண்டு. பெயிண்டையும் தாண்டி இழை வரை போன கீறல், அமுக்கினால் மெத்தென்ற இடம், பருத்தித் துணியால் துடைத்தால் நூல் சிக்கும் இடம், பிரேக் பிடித்தால் கிறீச்சிடும் ஓசை, சக்கரம் போர்க்கின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது ஆகியவை. நாணயத்தால் இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில் தட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் 'டிக்' என்றும் மறுபக்கம் மந்தமாகவும் ஒலித்தால் சந்தேகம் உறுதி. இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் மட்டும் நலம் என்று தீர்மானித்துவிடவும் கூடாது.

ஏனென்றால், முக்கியமான இடம் கண்ணுக்குத் தெரியாது. அது முன் குழாய்க்குள் மறைந்திருக்கும் தண்டு. போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலே கார்பன் தண்டு நசுங்கிக் கீறல் விடும். கோன்செட் தளர்ந்த நிலையில் மாதக்கணக்கில் ஓட்டினால் பேரிங் உரசித் தண்டையே அரித்துவிடும். சில போர்க்குகளில் அலுமினியத் தண்டைக் கார்பனோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டாலும் கேட்பது அதே 'டக்' சத்தம்தான். நட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்கிப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பது இங்கேதான் விளங்கும்.

2006-ம் ஆண்டு பிரான்சில் நடந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பியின் போர்க் தண்டு ஓடும்போதே முறிந்தது. கைப்பிடி கையோடு வர, அவர் கீழே விழுந்து தோளில் அடிபட்டார். அது கார்பன் தண்டுகூட அல்ல, அலுமினியம். அதே பந்தயத்தில் அவர் முன்னதாக ஒருமுறை விழுந்திருந்தார். பின்னாலேயே காரில் மெக்கானிக்குகள் வரும் வீரருக்கே இந்தக் கதி என்றால், கை மாறி வந்த சைக்கிளை நம்பி வேலைக்குப் போகிறவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

யார் பொறுப்பு?

லாரிக்கும் பஸ்சுக்கும் தகுதிச் சான்று கேட்கிறது சட்டம். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். ஐ.எஸ்.ஓ. 4210 போன்ற தரச் சோதனைகள் புதிய சைக்கிளுக்குத்தான். மூன்று முறை விழுந்து எழுந்த பழைய சைக்கிளுக்கு அந்த முத்திரை உத்தரவாதம் ஆகாது. எனவே, சம்பந்தப்பட்டவர்களே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

விற்பவர், சைக்கிள் எப்போது எங்கே விழுந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பெயிண்ட் உரசல்தான்' என்று மழுப்புவது வியாபாரத் தந்திரம் அல்ல, பிறர் உயிரோடு விளையாடுவது. வாங்குபவர், போர்க்கைக் கழற்றித் தண்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கழற்ற மறுத்தால் அந்தச் சைக்கிளே வேண்டாம். கடைக்காரர், 'இறுக்கியாச்சு, போங்க' என்று அனுப்பாமல், காரணத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். சாதாரணச் சைக்கிளின் கோன்செட்டை மாற்றப் பெரிய தொகை ஆகாது. கார்பன் போர்க் விலை அதிகம்தான். ஆனால் கார்பனுக்குக் கார்பனே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தண்டின் அளவும், சக்கரமும், பிரேக்கும் பொருந்தினால் இரும்பு போர்க்கே போதும். எடை சற்றுக் கூடும், அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இரும்பே ஏற்றது என்றும் சொல்லலாம்.

தொழிற்சாலை நிர்வாகங்களும், தொழிற்சங்கங்களும், தமிழ்ச் சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம். மாதம் ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, எல்லாச் சைக்கிள்களின் முன்பாகத்தையும் பார்க்கச் சொல்லலாம். ஒரு சைக்கிளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை பூட்டைத் திறந்ததும், முன் பிரேக்கைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும். 'டக்' என்றால், அன்றைக்குப் பஸ்சில் போவதே புத்திசாலித்தனம்.